வேடமும் மெய்ம்மையும்

உடையாலும் பாட்டாலும் ஒருவர் தம்மை உருவாக்கிக்கொள்ளும்போது வெளிப்படுவது மெய்யான தன்மையா, அணிந்துகொண்ட வேடமா என்னும் வினாவுக்கு, 1970களின் சான் பிரான்சிஸ்கோ நகரம் ஆழமான விடை தருகிறது. அந்நகரின் காஸ்ட்ரோ பகுதியில் வாழ்ந்த தன்பாலீர்ப்புடைய ஆண்கள் பலர், ஆண்மையற்றவர்கள் என்று தம்மீது சுமத்தப்பட்ட பழியை மறுக்கும் வகையில், மீசை, இறுக்கமான ஜீன்ஸ், கட்டம்போட்ட சட்டை, தொழிலாளர் அணியும் கனத்த காலணி ஆகியவற்றைத் தம் பொது அடையாளமாக்கிக்கொண்டனர். அவர்கள் கொண்டாடிய பாடகர் சில்வெஸ்டரோ, பெண்களுக்குரியவை எனப்பட்ட பட்டும் மினுமினுப்பும் அணிந்து, பெந்தெகொஸ்தே சபையில் சிறுவயதில் பயின்ற காஸ்பல் என்னும் துதிப்பாடல் மரபை டிஸ்கோ என்னும் நடன இசைக்குள் கொண்டுவந்தார். 1978இல் வெளிவந்த ‘யூ மேக் மீ ஃபீல் (மைட்டி ரியல்)’ பாடலில் அவருடைய உச்சக்குரல், ஆராதனையில் பரவசமுற்றவரின் குரலைப்போலவே கட்டுமீறி எழுகிறது. ஆனால் அங்கே பாடப்படுவது, காதலரின் அண்மையில் ஒருவர் தம்மை மெய்யானவராக உணரும் நிலை.

மனிதருக்கு முன்தீர்மானிக்கப்பட்ட சாரம் ஏதுமில்லை, தம் தேர்வுகளாலேயே அவர் தம்மை ஆக்கிக்கொள்கிறார் என்பது பிரெஞ்சு மெய்யியலாளர் சார்த்தரின் இருத்தலியம். அவ்வாறாயின் முரட்டுச் சட்டையும் பட்டாடையும் ஒன்றையொன்று பொய்யாக்குவதில்லை. அச்சத்தால் பூணும் தோற்றமே வேடம், துணிவோடு தேர்ந்துகொள்ளும் தோற்றம் மெய்ம்மையே.