பயணத்தின் பலன் யாருக்கு?

பலனில் பற்றின்றிச் செயல்புரிவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நாம் அலுவலகத்தையும் தேர்வையும் வியாபாரத்தையுமே நினைத்துக்கொள்கிறோம். பதவி உயர்வு கிடைக்காவிட்டால் என்ன, மதிப்பெண் குறைந்தால் என்ன என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளவும் ஓரளவு பழகியிருக்கிறோம். ஆனால் தனக்கென எதையும் நாடாமல், மனைவி மக்களின் மகிழ்ச்சிக்காகவே ஒருவர் ஒரு காரியத்தைச் செய்கிறார் என்றால் அங்கே பற்று எங்கிருந்து வரும்? அது தானாகவே நிஷ்காம கர்மம் ஆகிவிடாதா? இல்லறத்தார் பலர் இவ்வாறு எண்ணுகின்றனர். உண்மையில், பிறருக்காகச் செய்யும் செயலில்தான் பற்று மிக வசதியாக ஒளிந்துகொள்கிறது.

மும்பையை அடுத்த டோம்பிவிலியில் வசிக்கும் அன்பர் ஒருவர் கூறிய நிகழ்ச்சியை, அவரது அனுமதியுடன் இங்கே எடுத்துக்கொள்ளலாம். அக்டோபர் மாதத் தொடக்கத்தில் காந்தி ஜயந்தியை ஒட்டித் தொடர் விடுமுறை வந்தது. மனைவி, எட்டு வயது மகள், முதிய தாயார் ஆகியோருடன் இரண்டு நாள் மாத்தேரான் சென்றுவர அவர் ஏற்பாடு செய்தார். சஹ்யாத்ரி மலைத்தொடரில் சுமார் 800 மீட்டர் உயரத்தில் அமைந்த அழகிய ஊர் அது. கார்களையும் பேருந்துகளையும் ஊருக்குள் விடுவதில்லை. அடிவாரத்திலுள்ள நேரல் நிலையத்திலிருந்து 1907-இல் அமைக்கப்பட்ட குறுகிய இருப்புப்பாதை ஏறத்தாழ 21 கிலோமீட்டர் வளைந்து வளைந்து மலையேறுகிறது. அந்தச் சிறிய ரயிலில் அழைத்துச் செல்வதாக மகளுக்கு வாக்களித்திருந்தார். மூன்று வாரங்களாக அச்சிறுமி நோட்டுப் புத்தகம் முழுவதும் ரயில் படமாகவே வரைந்துகொண்டிருந்தாளாம்.

கர்ஜத் செல்லும் மின்சார ரயிலில் வந்து நேரலில் இறங்கிய பிறகுதான், மலை ரயில் இன்னும் ஓடத் தொடங்கவில்லை என்பது தெரிந்தது. ஆண்டுதோறும் ஜூன் மாத நடுவில் அது நிறுத்தப்படும். மழை ஓய்ந்து, பாதை சீர்செய்யப்பட்ட பின்னரே மீண்டும் ஓடும். வாடகைக் காரில் தஸ்தூரி நாக்கா வரை சென்றனர். அங்கிருந்து ஊருக்குள் செல்லும் குறுந்தூர ரயிலுக்கு விடுமுறைக் கூட்டம் நீண்ட வரிசையில் நின்றது, பயணச்சீட்டு கிடைக்கவில்லை. செம்மண் சேற்றில் நடந்தே சென்றனர். தாயாருக்கு முழங்கால் வலி. வழியில் பல இடங்களில் உட்கார வேண்டியதாயிற்று. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளியோதரைப் பொட்டலத்தைக் குரங்கு பறித்துக்கொண்டு போயிற்று. மறுநாள் இருட்டிலேயே எழுந்து, சூரியோதயத்திற்குப் பெயர்பெற்ற பனோரமா முனைக்குச் சென்றால், கண்ணெதிரே வெண்மையான மேகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

அன்று பகலில் அறைக்குத் திரும்பியதும் அவர் வெடித்தார்: “உங்களுக்காகத்தானே இவ்வளவும் செய்தேன்! ஒருவராவது சிரித்த முகத்துடன் இருக்கக் கூடாதா?” மனைவியும் தாயாரும் மௌனமாயினர். மகள் மட்டும் அருகில் வந்து, “எனக்கு ரயிலே பிடிக்காதுப்பா. நடந்து வந்ததுதான் நல்லா இருந்தது” என்றாளாம். இதைச் சொல்லிவிட்டு அன்பர், “சுவாமிஜி, அந்தக் குழந்தைக்கு இருந்த பக்குவம் எனக்கு இல்லை. பிறகு எல்லாம் ஈசன் செயல் என்று விட்டுவிட்டேன்” என்றார்.

ஈசன் செயல் என்றது, குழந்தையின் பக்குவம் என்றது ஆகிய இரண்டையுமே சற்று நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்று தோன்றியது.

கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் பகவான் எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்களைக் கூறுகிறார். இருப்பிடமாகிய உடல், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். ஸ்ரீ சங்கரர் இங்கே தெய்வம் என்பதற்கு விதி என்று பொருள் கொள்ளவில்லை. கண் முதலிய புலன்களுக்குத் துணைநிற்கும் சூரியன் முதலான தேவதைகள் என்கிறார். ஸ்ரீ ராமானுஜரோ அந்தர்யாமியாகிய பரமாத்மாவையே குறிக்கிறார். எந்த உரையைக் கொண்டாலும், தெய்வம் ஐந்தாவது இடத்தில் வருகிறதே தவிர மற்ற நான்கின் இடத்தையும் எடுத்துக்கொள்வதில்லை. பனோரமா முனையில் சூரியன் கண்ணுக்குத் துணைவரவில்லை. அங்கே தெய்வத்தைச் சொல்வது பொருந்தும். ஆனால் மழைக்காலத்தில் ரயில் நிறுத்தப்படுவது ஆண்டுதோறும் நடப்பது. நேரல் நிலையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். முயற்சி என்ற நான்காவது காரணத்தில் விட்ட குறையை ஐந்தாவதன் கணக்கில் எழுதுவது சரணாகதி ஆகாது. பக்தியின் மொழியில் சொல்லப்படுவதால் அந்தத் தவறான கணக்கு நமக்கு எளிதில் புலப்படுவதும் இல்லை.

இதற்கு எதிர்ப்புறத்தில் வேறொரு வழக்கமும் நம்மிடம் உண்டு. தவறிப்போன பயணத்தைப் பற்றிப் பேசினால், அதனால்தான் பெரிய நன்மை விளைந்தது என்று கதையை முடிப்போம். சுவாமி விவேகானந்தரின் வாழ்க்கையையே சான்றாகக் காட்டுவோம். 1893 ஜூலை இறுதியில் சிகாகோ சென்ற சுவாமிஜி, சர்வசமயப் பேரவை செப்டம்பரில்தான் கூடும் என்பதையும், தக்க சான்றுகள் இன்றிப் பிரதிநிதியாக முடியாது என்பதையும் அங்கே சென்ற பின்னரே அறிந்தார். செலவு கட்டுப்படியாகாமல் பாஸ்டன் பக்கம் சென்றார். அங்கே பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட்டின் நட்பும் அவர் அளித்த அறிமுகமும் கிடைத்தன. முடிவு தெரிந்த நமக்கு இது இனிய கதை. ஆனால் ரைட்டைச் சந்திப்பதற்குச் சில நாட்கள் முன்பு, ஆகஸ்ட் 20-ஆம் தேதி அளசிங்கப் பெருமாளுக்கு எழுதிய கடிதத்தில் சுவாமிஜி குளிரையும் பணத் தட்டுப்பாட்டையும் தெருவில் பட்ட ஏளனத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். துன்பத்தைத் துன்பம் என்றே சொல்லிக்கொண்டு, அவர் அங்கேயே நின்றார். பின்னால் வரப்போகும் நன்மை அப்போது அவர் கையில் இல்லை. நன்மை வரும் என்ற உறுதியின்மேல் நிற்கும் பொறுமை, பலனைச் சற்றுத் தள்ளிப் போட்ட பற்றுதானே? மாத்தேரான் சென்ற குடும்பத்துக்கு அந்த இரண்டு நாட்களுக்கு ஈடாகப் பெரிய நன்மை எதுவும் வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை.

இனி, குழந்தையின் பக்குவம். மூன்று வாரங்கள் ரயில் வரைந்த சிறுமி, ரயிலே பிடிக்காது என்கிறாள். இது சமநிலை அன்று. தந்தைக்காக அவள் சொன்ன பொய். அவர் கேட்ட சிரித்த முகத்தை, தன் ஏமாற்றத்தை விழுங்கி, அவளே முன்வந்து கொடுத்திருக்கிறாள். பணமும் புகழும் மட்டுமே பலன் என்று நாம் எண்ணுகிறோம். நாம் மகிழ்வித்தவர்கள் மகிழ்ந்து காட்டுவதும் பலன்தான். அதிலும் மிக இனிய பலன். அந்தப் பயணத்தில் அன்பர் தமக்கென்று எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை, அது உண்மை. ஆனால் மூன்று முகங்கள் மலர்வதைத் தமக்குரிய ஊதியமாகக் குறித்துவைத்திருந்தார். ஊதியம் வராதபோது கோபம் வந்தது. கடைசியில் அதைத் தர முன்வந்தது, அங்கிருந்தவர்களில் மிகச் சிறியவள்.

கணவனும் மனைவியும் மக்களும் பிரியமானவர்களாக இருப்பது ஆத்மாவின் பொருட்டே என்று யாக்ஞவல்க்யர் மைத்ரேயிக்கு உபதேசித்ததைச் சிலர் கசப்பான உண்மையாக எடுத்துக்கொள்கின்றனர். அன்பைப் பழிப்பது அவரது நோக்கமன்று. ‘உங்களுக்காகத்தான்’ என்று நாம் சத்தியம் செய்யும் இடத்தில் ‘எனக்காகவும்’ என்பது எப்போதும் கலந்திருக்கிறது. அதை அறிந்தவன் அன்பு செலுத்துவதை நிறுத்துவதில்லை. அன்புக்கு விலைச்சீட்டு அனுப்புவதைத்தான் நிறுத்துகிறான். இது குடும்பத் தலைவர்களின் நோய் மட்டும் அன்று. ‘யாருக்காக இவ்வளவு சமைத்தேன்’ என்று கேட்கும் தாய்மார்கள் உண்டு. ஆசிரமத்தில் பிரசாதம் பரிமாறுபவர், உண்பவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதும் உண்டு.

“அப்படியானால் குழந்தையிடம் நான் என்னதான் சொல்வது?” என்று அன்பர் கேட்டார். ரயில் ஓடுமா என்று விசாரிக்காதது தம் தவறு என்றும், அவளுக்கு அது ஏமாற்றம்தான் என்றும் சொன்னால் போதும் என்றேன். ‘இருந்தாலும்’ என்று தொடங்கும் எதையும் அதனுடன் சேர்க்க வேண்டாம் என்றேன். இதைக் கேட்க எளிதாக இருக்கிறது. தம் பிழையை எட்டு வயதுக் குழந்தையிடம் ஒப்புக்கொள்வது, பெரியவர்கள் நிறைந்த சபையில் ஒப்புக்கொள்வதைவிடக் கடினம் என்பதைத் தந்தையர் அறிவார்கள்.

சில வாரங்களுக்குப் பின் அவர் மீண்டும் வந்தார். சொல்லிவிட்டதாகவும், மகள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு ஓவென்று அழுததாகவும், இரண்டு நாட்கள் தம்மோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்றும் கூறினார். மூன்றாம் நாள், அந்த ரயில் எப்போது ஓடும் என்று கேட்டாளாம். அவர் உடனே பதில் சொல்லவில்லை. நேரல் நிலையத்துக்குச் சென்று விசாரித்துவிட்டு வந்து சொன்னார்.