வீட்டு வாயிலில் நின்ற உரிமை

சமயப் பொறை என்றவுடன், அரசு பல சமயத்தாரையும் வாழவிடுதலையே நாம் எண்ணுகிறோம். அவ்வுரிமை ஓர் இல்லத்தின் வாயிற்படியைக் கடந்து உள்ளே செல்லுமா? அமெரிக்காவின் ஒரு சிற்றூர் 1638-ஆம் ஆண்டிலேயே இவ்வினாவை எதிர்கொண்டது.

ஒருவருடைய வழிபாட்டில் அரசு தலையிடலாகாது என்று கூறிய போதகர் ராஜர் வில்லியம்ஸை மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1635-இல் நாடு கடத்தத் தீர்ப்பளித்தது. கடுங்குளிரில் வெளியேறிய அவர், நாராகன்செட் பழங்குடித் தலைவர்களிடம் நிலம் பெற்று, 1636-இல் பிராவிடன்ஸ் ஊரை நிறுவினார். பெரும்பான்மையோர் முடிவு உலகியல் காரியங்களில் மட்டுமே செல்லும் என்பது அவ்வூரார் உடன்படிக்கை.

வில்லியம்ஸின் அண்டை வீட்டார் யோசுவா வெரின். வில்லியம்ஸ் இல்லத்தில் நிகழ்ந்த வழிபாட்டுக் கூட்டங்களுக்கு அவர் ஓராண்டாக வரவில்லை. எவரும் அவரைத் துன்புறுத்தவுமில்லை. ஆனால் அவர் மனைவி ஜேன் அங்குச் செல்ல விரும்பினார். வெரின் தடுத்தார், உயிருக்கு ஊறு நேரும் அளவுக்கு அடித்தார் என்று வில்லியம்ஸ் எழுதியுள்ளார்.

வழக்கு ஊர்க்கூட்டத்திற்கு வந்தது. ஆர்னால்டு என்பவர் வெரினுக்காக வாதாடினார்: மனைவி கணவனுக்கு அடங்குதல் இறைவனின் கட்டளை, வெரின் தம் மனச்சான்றின்படியே நடந்தார், மனிதரை மகிழ்விக்க இறைவனுக்கு மாறாக நடக்க மாட்டோம் என்று மாசசூசெட்ஸை விட்டு வந்த நாம், இன்று பெண்டிரை மகிழ்விக்க அவன் கட்டளையை மீறுவதோ? பெண்களைத் தடுத்தால் நாட்டுப் பெண்கள் அனைவரும் கூக்குரலிடுவர் என்று கிரீன் என்பவர் கூறினார். இது விடையன்று என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஆர்னால்டின் வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. இருவர் மனச்சான்றுகள் மோதுமிடத்தில் எதனைக் காப்பது? வெரின் கூட்டத்திற்கு வராதிருந்தது அவர் உயிரைப் பற்றியது. அதில் அவருக்கு முழு உரிமை உண்டு. மனைவியைத் தடுத்ததோ பிறிதோர் உயிரின் மீது செலுத்திய ஆட்சி. மனச்சான்று என்னும் பெயரால் அடி அறமாகிவிடுமோ? மாசசூசெட்ஸ் வில்லியம்ஸுக்குச் செய்ததையே வெரின் தம் வீட்டினுள் செய்தார் அன்றோ?

மனச்சான்றுரிமையைத் தடுத்தமைக்காக, தாம் மாறியதாக அறிவிக்கும்வரை வெரினுக்கு வாக்குரிமை இல்லை என்று ஊர் தீர்மானித்தது. அவர் அறிவிக்கவில்லை, மனைவியையும் அழைத்துக்கொண்டு மாசசூசெட்ஸின் சேலம் நகருக்கே திரும்பிவிட்டார். ஜேனைத் தடுத்து நிறுத்த ஊராருக்கு வழியில்லை. நீ இங்கிருக்க விரும்புகிறாயா என்று அவளைக் கேட்டார்களோ, அறியோம். ஊர்ப் பதிவேட்டில் அத்தீர்மானம் ஒரே வாக்கியமாக உள்ளது. அதில் வெரின் பெயர் உண்டு. அவர் மனைவியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.