கர்த்தா இல்லாத காரியம்

காரியம் ஒன்று உண்டானால் அதற்குக் கர்த்தா ஒருவன் இருந்தே தீரவேண்டும் என்பது நம் நாட்டுத் தர்க்க சாஸ்திரத்தின் பழமையான துணிபு. குடத்தைக் கண்டவன் குயவனை ஊகிப்பதுபோல உலகைக் கண்டவன் அதைப் படைத்தவனை ஊகிக்கலாம் என்று நையாயிகர்கள் வாதித்தார்கள். சிவஞான போதமும் தன் முதற் சூத்திரத்தை இந்த நெறியிலேயே தொடங்குகிறது. பௌத்தர்களோ இதற்கு எதிர்ப்புறம் நின்று, காரணங்கள் கூடினால் காரியம் பிறக்கும், கூடாவிட்டால் பிறவாது, இடையே கர்த்தா என்று ஒருவனைக் கற்பித்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லை என்றார்கள். மணிமேகலை பன்னிரு நிதானங்கள் என்னும் காரணத் தொடரை விரித்துரைக்கும் இடத்தில் அந்தக் கொள்கை தமிழ் வடிவம் கொண்டு நிற்கிறது. ஈசுவரனைப் பற்றிய இந்த வாதத்தில் தீர்ப்புச் சொல்ல நான் முற்படவில்லை. ஆனால், மனிதர் செய்யும் வினைகளிலேயே கர்த்தா அகப்படாத வினை ஒன்று உண்டு என்பதையும், அப்படிப்பட்ட வினைக்குப் பொறுப்பேற்பது எப்படி என்ற கேள்வியை நாம் தட்டிக்கழிக்க முடியாது என்பதையும், சாலைப் போக்குவரத்தை ஆராய்வோரின் நூல்கள் எனக்கு எடுத்துக்காட்டின.

ஜப்பானில் சுகியாமா என்ற பௌதிக அறிஞரும் அவர் தோழர்களும் நடத்தி 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனை ஒன்று இங்கே நினைக்கத் தக்கது. 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை நிறுத்தி, மணிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வேகத்தில், முன்னே செல்லும் காருக்கும் தமக்கும் இடையே தக்க தூரம் விட்டு ஓட்டும்படி அவர்கள் சொன்னார்கள். அந்தப் பாதையில் சமிக்ஞை விளக்கில்லை, குறுகலில்லை, விபத்துமில்லை. முதலில் சீராகச் சுழன்ற அந்த வரிசையில், சற்று நேரத்துக்குள் கண்ணுக்குப் புலப்படாத சிறு வேக வேற்றுமைகள் பெருகிப் பெருகி, சில கார்கள் முழுவதும் நின்றே விட்டன. நின்ற கார்களின் கூட்டமோ, கார்கள் முன்னோக்கி ஓடிக்கொண்டிருக்க, தான் மட்டும் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. லைட்ஹில், விதம் என்ற இரு ஆங்கிலேயக் கணித அறிஞர்கள் நெருக்கமான வாகன ஓட்டத்தில் அலைகள் பின்னோக்கிச் செல்லும் என்பதை 1955-லேயே சூத்திரங்களால் காட்டியிருந்தார்கள். பரிசோதனையில் கார் ஓட்டிய அந்த 22 பேரில் எவரும் நெரிசலை விரும்பவில்லை, விதியை மீறவுமில்லை. எனினும் நெரிசல் அவர்களுடைய கைகளாலும் கால்களாலுமே உண்டாயிற்று.

மனம் கலங்குவது இங்கேதான். குற்றவாளியைத் தேடினால் ஒருவனும் அகப்படுவதில்லை. ஆகவே குற்றமே இல்லை என்று சொல்லலாமென்றால், அதே நேரத்தில் மருத்துவமனைக்குச் செல்லும் வண்டி வழியில் நின்றுகொண்டிருக்கிறது.

இதைவிட ஆழமான சிக்கலை, இங்கிலாந்தின் சாலை ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய வார்ட்ராப் 1952-இல் இரண்டே விதிகளாக வகுத்துத் தந்தார். ஒவ்வொருவனும் தனக்குக் குறைந்த நேரமாகும் வழியைத் தேடிச் செல்வானானால், முடிவில் பயன்படும் வழிகளிலெல்லாம் பயண நேரம் ஒன்றாகி, எவனும் தான் மட்டும் வழி மாறி நன்மை அடைய இயலாத சமநிலை ஏற்படும் என்பது முதல் விதி. எல்லோருடைய பயண நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி எப்போது மிகக் குறைவாயிருக்குமோ அந்த நிலையைக் குறிப்பது இரண்டாவது விதி. இவ்விரண்டு நிலைகளும் பெரும்பாலும் ஒன்றாவதில்லை. 1968-இல் பிரேஸ் என்ற ஜெர்மானியக் கணித அறிஞர் ஒரு படி மேலே சென்று, சாலை வலையில் புதிய வழி ஒன்றைத் திறந்துவிட்டால் எல்லோருடைய பயணமும் முன்னிலும் நீண்டுவிடக்கூடிய அமைப்புகள் உண்டு என்று நிரூபித்தார். வியஷ்டியின், அதாவது தனியாளின், நன்மைகளைக் கூட்டினால் சமஷ்டியின், அதாவது முழுச் சமூகத்தின், நன்மை கிடைத்துவிடும் என்ற எளிய நம்பிக்கை, வேதாந்திகளின் கண்டனத்துக்குக் காத்திராமல், பொறியியல் கணக்கிலேயே இவ்வாறு உடைந்துபோயிற்று. கீதை லோக சங்கிரகத்தை நோக்கமாகக் கொண்டு கர்மம் செய்யச் சொல்கிறது. ஆனால் தன் வாகனத்தின் முன்கண்ணாடி வழியே தெரியும் அளவே உலகத்தைக் காணும் ஒருவன், லோகத்துக்கு எது நலம் என்பதை எவ்வாறு அறிவான்? நல்ல மனம் உடையவனாக இருந்தாலும் அவனுக்கு அந்த அறிவு தனியே கிட்டாது.

ஆகவே நான் சொல்ல விரும்புவது இதுவே: கர்த்தா தனித்து அகப்படாத வினையில் பொறுப்பு அழிந்துபோவதில்லை, தண்டனைக்குரிய குற்றமாக நில்லாமல், பலரும் கூடி அறியவேண்டிய கடமையாக அது உருமாறுகிறது. கூடிச் செய்த வினையைக் கூடித்தான் அறியமுடியும். அப்படி அறிய மறுப்பதே அந்த வினையில் நமக்குரிய பாவம்.

இக்கடமையைச் செய்ய முயன்றவர்களின் சரித்திரத்தை அமெரிக்க நாட்டில் தெளிவாகக் காணலாம். அங்கே சாலைகள் மாநிலம், மாவட்டம், நகரம் என்று பல அதிகாரங்களுக்குள் பிரிந்து கிடக்கின்றன. நெரிசலோ எந்த எல்லைக் கல்லையும் மதிப்பதில்லை. பெருஞ்சாலை தடையின்றி ஓடவேண்டுமென்று மாநில இலாகா அதற்கு ஏறும் கிளைச்சாலைகளில் விளக்கு வைத்து வாகனங்களை ஒவ்வொன்றாக விட்டால், காத்திருப்போரின் வரிசை நகரத் தெருக்களை அடைத்துவிடும்; தன் தெருக்களைக் காக்க நகரம் தன் விளக்குகளின் நேரத்தை மாற்றினால், வெள்ளம் முழுவதும் பெருஞ்சாலையின் வாயிலில் வந்து சேரும். ஒவ்வோர் இலாகாவும் தன் எல்லைக்குள் குறைந்த தாமதத்தைத் தேடும்போது, அந்த இலாகாக்களே வார்ட்ராபின் முதல் விதிக்கு உட்பட்ட ஓட்டுநர்களாகிவிடுகின்றன. இதை உணர்ந்துதானோ என்னவோ, சமஷ்டி அரசின் (மத்திய அரசின்) 1962-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம், 50,000-க்கு மேற்பட்ட ஜனத்தொகையுள்ள நகரப் பகுதிகளில், மாநிலங்களும் உள்ளூர் ஸ்தாபனங்களும் கூடி நடத்தும், இடையறாத, முழுமையான திட்டமிடல் இருந்தாலன்றி நெடுஞ்சாலைத் திட்டங்களுக்குப் பணம் இல்லை என்று விதித்தது.

அறிவைத் தேடுவதற்கும் அவர்கள் பொதுப் பண்டாரம் ஒன்றை ஏற்படுத்திக்கொண்டார்கள். நெடுஞ்சாலைக்கென மாநிலங்களுக்கு வரும் சமஷ்டிப் பணத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு திட்டமிடலுக்கும் ஆராய்ச்சிக்கும் ஒதுக்கப்படுகிறது. அதில் காற்பங்காவது ஆராய்ச்சிக்கே செல்லவேண்டும். ஒரே கேள்வி பல மாநிலங்களை வருத்துமானால், அவை தத்தம் பணத்தைத் திரட்டி, தம்முள் ஒன்றையோ சமஷ்டி இலாகாவையோ தலைமையாகக் கொண்டு ஆராயலாம்; அப்படிக் கூடினால், மாநிலம் வழக்கமாகத் தன் கையிலிருந்து போடவேண்டிய பங்கையும் ஒப்புதலின் பேரில் தள்ளுபடி செய்வார்கள். கூட்டு ஆராய்ச்சியின் பலனை முடிவில் எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கும்போது, தான் பணம் போடாமல் பிறர் போடட்டும் என்று காத்திருக்கும் சபலம் எவருக்கும் எழும். அந்தச் சபலத்தை வெல்லும் இலாகா, சாலையில் செல்வோரிடம் தான் எதிர்பார்க்கும் தியாகத்தை முதலில் தானே பயில்கிறது.

அறிவுக்குச் சான்றாகும் பிரமாணங்களில் சப்தம் (நம்பத்தக்கோர் வாக்கு), பிரத்தியட்சம் (நேர்க்காட்சி) என்ற இரண்டையும் இந்தக் கூட்டறிவிலே பார்க்கலாம். 1920-இல் தோன்றிய நெடுஞ்சாலை ஆராய்ச்சிச் சபையின் குழுவும் மத்திய சாலைப் பணியகமும் சேர்ந்து 1950-இல் வெளியிட்ட சாலைக் கொள்ளளவுக் கையேடு, அத்துறையாருக்கு ஆப்த வாக்கியம் போன்றது. இலட்சிய நிலையில் ஒரு தடத்தில் மணிக்கு 2,000 கார்கள் செல்லலாம் என்று முதல் பதிப்பு சொன்னது. 2000-ஆம் ஆண்டுப் பதிப்பிலோ வேகம் மிகுந்த பெருஞ்சாலைகளுக்கு அது 2,400 என்று இருந்தது. பிரத்தியட்சத்துக்கு எடுத்துக்காட்டு, 2005-இல் கலிபோர்னியாவில் சமஷ்டி நெடுஞ்சாலை நிர்வாகம் முன்னின்று நடத்திய பதிவுகள்: உயர்ந்த கட்டடங்களில் காமிராக்களை வைத்து, சுமார் அரைக் கிலோமீட்டர் நீளமுள்ள பெருஞ்சாலைத் துண்டுகளில் சென்ற ஒவ்வொரு வாகனத்தின் இடத்தையும் விநாடிக்குப் பத்து முறை குறித்து, அந்தக் கணக்கை உலகத்தார் அனைவருக்கும் திறந்து வைத்தார்கள். பின்னர் அயலார் பலர் அதை நுணுகி ஆராய்ந்து, எந்தச் சாலை வாகனத்தாலும் இயலாத வேகமாற்றங்கள் அதில் பதிவாகியிருப்பதைக் கண்டு திருத்தினார்கள். பூட்டி வைத்திருந்தால் அந்தப் பிழைகள் உண்மை என்ற பெயரிலேயே உறைந்திருக்கும்.

ஆனால், பலர் கூடிப் பார்த்த பார்வை என்பதனாலேயே அது நிறைந்த பார்வை ஆகிவிடாது. மேற்சொன்ன கையேட்டின் 1965-ஆம் ஆண்டுப் பதிப்பு சாலையின் சேவைத் தரத்தை ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை ஆறு எழுத்துக்களால் வகுத்தது. அந்த எழுத்துக்கள் வாகனம் ஓட்டுபவனின் சௌகரியத்தை அளந்தன; நடந்து தெருவைக் கடப்பவளுடைய காலம் அந்தத் தராசில் ஏறவில்லை. கலிபோர்னியாவில் சுற்றுச்சூழல் பரிசீலனையில் இந்தத் தரமே அளவுகோலானபோது, ரயில் நிலையத்தருகே வீடுகள் கட்டுவதுகூடச் சந்திகளில் கார்களைத் தாமதப்படுத்தும் தீங்காகக் கணக்கிடப்பட்டது. அத்தீங்குக்குப் பரிகாரமாகச் சாலை அகலமாயிற்று, அகலமான சாலை நடப்பவரை மேலும் ஒதுக்கிற்று. 2013-இல் அம்மாநிலம் சட்டமியற்றி, 2020 முதல் அந்த அளவுகோலை விலக்கி, வாகனங்கள் ஓடும் மொத்த தூரத்தையே அளவாகக் கொண்டது. தனி மனிதனின் அவித்தை அவனோடு போய்விடக்கூடும்; சபையின் அவித்தையோ விதியாகவும் கல்லாகவும் தாராகவும் நிலைபெற்று, அரை நூற்றாண்டு ஊரை ஆளும்.

ஆதலால் கூடி அறிதல் என்ற கடமை, பல இலாகாக்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்வதோடு நிறைவேறிவிடுவதில்லை. நெரிசலை உண்டாக்குவோர் மட்டுமன்றி, அதனால் வருந்துவோரும், அதைத் தீர்க்கப் போய் வருந்த நேர்வோரும் அந்தக் கணக்கில் இடம்பெறும் வரையில், அது வார்ட்ராபின் முதல் விதியைப் பெரிய மண்டபத்தில் நடத்திப் பார்ப்பதே ஆகும். குயவன் இல்லாத குடம் உண்டா என்ற வாதம் எப்படி முடிந்தாலும் முடியட்டும். பலர் கைபட்டு உருவான குடம் கோணலாயிருந்தால், யார் கை கோணிற்று என்று விசாரிப்பதைவிட, கை வைத்தவர் அனைவரும் அதில் நீர் மொள்ள வருவோரையும் அழைத்து, அதை எவ்வாறு திருத்துவதென்று சேர்ந்து கற்பதே தர்மம். குற்றத்தைப் பங்கிட முடியாத இடத்தில், அறிவைப் பங்கிட மறுக்க யாருக்கும் உரிமையில்லை.