பொற்பலகையும் கார்க் கதவும்

மதுரைத் திருவாலவாயில், இறைவன் முன் தரையில் அமர்ந்து திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழ் மீட்டிக்கொண்டிருக்கிறார். வானத்திலிருந்து ஒரு குரல் எழுகிறது. தரையின் ஈரம் ஏறினால் யாழ் நரம்பின் கட்டுக் குலைந்துபோகும், பாணருக்குப் பொற்பலகை இடுங்கள் என்கிறது அது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் வரும் இந்த இடத்தைப் பலரும் பொன்னின் பெருமையாக மட்டும் படித்துவிட்டுப் போகிறார்கள். உண்மையில் அங்கே தெய்வம் கவலைப்படுவது ஒலியின் தரத்தைப் பற்றி. நரம்பு தளர்ந்தால் சுருதி இறங்கும், அது கூடாது.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இதே கவலை நாள்தோறும் வேறு உருவில் நடக்கிறது. டெலிவரி எடுத்துச் சில நாளே ஆன காரின் டோர் பேடைக் கழற்றி, கம்பெனி ஸ்பீக்கரை வெளியே எடுக்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் வீட்டுப் பெரியவர் கேட்கிறார்: “கம்பெனிக்காரனே ஸ்பீக்கர் வச்சுத்தானப்பா குடுத்திருக்கான், அது பாடாதா? இதுக்கு மேல எதுக்கு?” காசுக்காக மட்டும் எழுந்த கேள்வி இல்லை இது. காதின் ஆசைக்கு எல்லை உண்டா, எது போதும், நல்ல ஒலியைத் தேடுவது பக்தியா பற்றா என்று துறவிகளும் ஞானிகளும் திரும்பத் திரும்பக் கேட்டதுதான்.

முதலில் கம்பெனி செட்டின் நிலையைப் பார்த்துவிடுவது நல்லது. நடுத்தர விலைக் கார்களில் கதவுக்குள் இருப்பது பெரும்பாலும் சிறிய காந்தமும் லேசான காகிதக் கூம்பும் கொண்ட ஸ்பீக்கர். காகிதம் என்பதற்காக அதை இகழ வேண்டியதில்லை. விலையுயர்ந்த ஸ்பீக்கர்கள் பலவும் காகிதக் கூம்பில்தான் பாடுகின்றன. குறை வேறு இடங்களில் இருக்கிறது. ஹெட் யூனிட்டின் அட்டையில் ஒரு சேனலுக்கு 50 வாட் என்று போட்டிருந்தாலும், இடைவிடாமல் தெளிவாகக் கொடுக்கக்கூடியது ஏறக்குறைய 20 வாட்தான். சத்தத்தைக் கூட்டும்போது சிறிய ஸ்பீக்கர் கிழிந்துவிடாதிருக்க, பல கார்களில் பேஸ் தானாகவே குறையும்படி அமைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை கதவுதான். ஸ்பீக்கரின் முன்பக்கம் கிளம்பும் அலையும் பின்பக்கம் கிளம்பும் அலையும் கதவிலுள்ள துளைகள் வழியே சந்தித்து ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கின்றன. மெல்லிய தகடு வேறு சேர்ந்து அதிர்கிறது. டேம்பிங் ஷீட் ஒட்டி, துளைகளை அடைத்தால் அதே கம்பெனி ஸ்பீக்கரே வேறு குரலில் பேசும். ஆம்ப், சப்வூஃபர் என்று கிளம்பும் முன் செய்ய வேண்டிய, அதிகம் செலவில்லாத வேலை இதுதான்.

இதனால் என்ன கிடைக்கிறது? தமிழ்நாட்டில் எத்தனையோ கார்கள் காலையில் கிளம்புவதே எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதத்தோடுதான். 1963ல் பதிவானது; அதன் ராயல்டியை அவர் திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்கே கொடுத்தார். மற்றொரு காரில் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம், இன்னொன்றில் நாகூர் ஹனிஃபா. சாதாரண செட்டில் சொற்கள் கேட்கும், மெட்டும் கேட்கும். ஆனால் குரலுக்கு அடியில் ஓடும் தம்புரா காணாமல் போகும். தம்புராவின் குதிரைமேல், நரம்புக்குக் கீழே ஒரு சிறு பஞ்சு நூலைச் செருகுவார்கள். அதற்கு ஜீவா என்று பெயர். அந்த நூல் எழுப்பும் மேல்சுரங்களின் மினுக்கம்தான் பாடகருக்குத் தரை. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமும் அப்படியே: மோசமான ஸ்பீக்கரில் அது வெறும் ‘டப்’. பாடியவர் எதன்மேல் நின்று பாடினாரோ அதைக் கேளாமல் பாட்டைக் கேட்டோம் என்பது பாதிக் கேள்விதான். நல்ல ஒலிக்கு ஆசைப்படுவதை ஆடம்பரம் என்று ஒரே வீச்சில் தள்ளிவிட முடியாது என்பதற்கு இது போதுமான காரணம். பாடியவருக்குச் செய்யும் மரியாதையும் அதில் இருக்கிறது.

ஆனாலும் ஆசை அங்கே நின்றுவிடுவதில்லை.

இதை மிகுந்த நேர்மையோடு எழுதியவர் கிறித்தவ ஞானி அகஸ்டின். மிலான் நகர ஆலயத்தில் பாடப்பட்ட துதிப்பாடல்களைக் கேட்டு அழுதவர் அவர். பின்னாளில் ஆயராகி, ‘ஒப்புதல்கள்’ நூலின் 10ஆம் பகுதியில் காதின் இன்பத்தைத் தனியே எடுத்து ஆராய்ந்தார். பாடப்படும் பொருளைவிடப் பாடும் இனிமையே தன்னை அதிகம் அசைக்கும்போது தான் பிழை செய்வதாக உணர்கிறார். சபையிலிருந்து இசையையே அகற்றிவிடலாமா என்றுகூட நினைக்கிறார். அலெக்சாந்திரியாவின் அத்தனாசியுஸ், சங்கீதங்களைப் பேச்சுக்கு நெருக்கமாக ஏற்ற இறக்கமின்றி ஓத வைத்ததை நினைவுகூர்கிறார். பிறகு தன் பழைய கண்ணீர் நினைவுக்கு வர, பாட்டு இருக்கட்டும் என்ற பக்கமே சாய்கிறார். அதையும் இறுதித் தீர்ப்பாகச் சொல்லவில்லை. ஸ்பீக்கர் மாற்றிய எவருக்கும் அகஸ்டினின் இந்தத் தடுமாற்றம் பழக்கமானதுதான். முதல் வாரம் பாட்டு கேட்பார்கள். இரண்டாம் வாரம் ட்வீட்டரைக் கேட்கத் தொடங்குவார்கள். ஒரே பாட்டின் முதல் இருபது நொடியைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஹை-ஹேட் கூர்மையாக விழுகிறதா, பேஸ் இறுக்கமாக இருக்கிறதா என்று சோதிப்பார்கள். பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டு. பாட்டைக் கேட்க வாங்கிய கருவியைக் கேட்பதற்கு இப்போது பாட்டு பயன்படுகிறது.

நுண்ணிய செவிக்கு ஆபத்து உண்டு என்பதைச் சங்கப் புலவர்களும் அறிந்திருந்தார்கள். அசுணம் என்னும் உயிரைப் பற்றி நற்றிணையும் கலித்தொகையும் பேசுகின்றன. வேட்டைக்காரர்கள் யாழை மீட்டி அதை வரவழைப்பார்கள். மயங்கி நிற்கும்போது பறையை அறைவார்கள். அந்த ஒலி தாங்காமல் அது மடியும். இனிமைக்குத் திறந்த செவி இனிமையில்லாததைத் தாங்க முடியாமல் போவதுதான் அதில் உள்ள துயரம். நல்ல செட் வைத்தவர்களுக்கும் இது மெல்ல நேர்கிறது. பேருந்தில், டீக்கடையில், நண்பர் காரில் கேட்கும் அதே பாட்டு அவர்களுக்குப் பிடிக்காமல் போகிறது. முன்பு எங்கேயும் கிடைத்த மகிழ்ச்சி இப்போது ஒரே இடத்தில்தான் கிடைக்கிறது. மேம்படுத்தலுக்கு ஆகும் செலவில் எந்தக் கடையும் பில்லில் சேர்க்காத பகுதி இது.

1944ல் வந்த ‘ஹரிதாஸ்’ திரைப்படம் மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடியது. அதில் எம்.கே. தியாகராஜ பாகவதரின் பாட்டை அன்று மக்கள் கேட்டது கரகரக்கும் இசைத்தட்டிலும் கொட்டகை ஸ்பீக்கரிலும். இன்றைய அளவுகோலில் மிகக் குறுகிய ஒலி வீச்சு. கேட்டவர்களின் உருக்கத்துக்கு அது குறுக்கே நிற்கவில்லை. அதே பதிவை இன்று லட்ச ரூபாய் செட்டில் போட்டால் குரலோடு தேய்மானமும் கீறலும் கூடத் தெளிவாகக் கேட்கும். பதிவில் இல்லாததை எந்த ஆம்ப்பும் சேர்க்காது.

இந்த இடத்தில் யாழ்ப்பாணரின் வாழ்வில் நடந்த இன்னொரு நிகழ்ச்சி உதவுகிறது. காரைக்காலுக்கு அருகிலுள்ள தருமபுரம் அவருடைய தாயார் பிறந்த ஊர். அங்கிருந்த உறவினர்கள், பாணர் யாழில் வாசிப்பதால்தான் தேவாரம் பாடிய திருஞானசம்பந்தரின் பதிகங்கள் புகழ் பெறுகின்றன என்று பேசினார்கள். பாணருக்கு அது பொறுக்கவில்லை. யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடியருளுமாறு சம்பந்தரை வேண்டினார். சம்பந்தர் பாடியதுதான் யாழ்மூரிப் பதிகம். நரம்புகள் அந்த இசையைத் தொட முடியவில்லை. துடித்துப்போன பாணர் யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து அதை வாங்கிக்கொண்டார். இறைவன் பெருமை கருவிக்குள் முழுவதும் அடங்குமா, அடங்கும் அளவுக்கு வாசியுங்கள் என்று சொல்லி யாழைத் திருப்பிக் கொடுத்தார். கருவியால் பாட்டுக்குப் பெருமை என்ற பேச்சும் அங்கே தோற்கிறது, கருவியே வேண்டாம் என்ற கோபமும் தோற்கிறது.

பெரியவர் கேட்ட ‘எதுக்கு’ என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைப்பது கடினம். காருக்குள் அந்த அளவு எது என்பதை இயற்பியலே ஓரளவு சொல்லிவிடுகிறது. நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சாதாரணக் காருக்குள் டயரும் காற்றும் எழுப்பும் இரைச்சல் ஏறக்குறைய 65 முதல் 70 டெசிபல். மிக நுண்ணிய ஒலிகள் அதில் மூழ்கிவிடும். அவற்றைக் கேட்க வேண்டுமென்று சத்தத்தைக் கூட்டினால் காது வருந்தும்: 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்று வைத்தால், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். ஆகவே கதவைச் சரிசெய்து, ஒரு நல்ல ஜோடி ஸ்பீக்கரும் அளவான ஆம்ப்பும் வைத்த பிறகு, சாலையில் ஓடும் காருக்கு மேலே சேர்ப்பதில் பெரும்பகுதி பெருமைக்குத்தான் போகிறது.

அளவு மட்டும் போதாது, சூழலும் பொருந்த வேண்டும். 1111ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, இசை கேட்பது பற்றி ஒரு பகுதியே எழுதியவர். அதற்குக் காலம், இடம், உடனிருப்போர் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும் என்று பாக்தாத் சூஃபி ஜுனைத் சொன்னதை அதில் எடுத்துக்காட்டுகிறார். கார் ஆடியோவுக்கு இந்த மூன்றும் அப்படியே பொருந்துகின்றன. பேஸ் அலை நீளமானது. கண்ணாடியையும் சுவரையும் எளிதில் கடந்துவிடும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. தெருவில் ஒரு சப்வூஃபர் கடந்துபோகும்போது, எந்தப் பாட்டென்றே தெரியாமல் அதன் அதிர்வை மட்டும் வாங்கிக்கொள்ளும் நோயாளியும் கைக்குழந்தையும் தாமாகவே உடனிருப்போராகிவிடுகிறார்கள்.

காருக்குள் இருப்பவர்களும் உடனிருப்போரே. ஓட்டுநருக்கு வலப்பக்க ஸ்பீக்கர் அருகில், இடப்பக்க ஸ்பீக்கர் அரை மீட்டர் கூடத் தள்ளி. ஒலி ஒரு மில்லி நொடியில் சுமார் 34 சென்டிமீட்டர் செல்வதால், வலப்பக்கத்தை ஏறக்குறைய ஒன்றரை மில்லி நொடி தாமதித்தால் பாடகர் டேஷ்போர்டின் நடுவில் வந்து நிற்பார். ஆனால் இடப்பக்க இருக்கையில் இருப்பவருக்கு ஏற்கெனவே தள்ளியிருந்த ஸ்பீக்கர் இன்னும் தாமதமாகிறது. பாடகர் அவர் பக்கத்துக் கதவுக்கே நகர்ந்துவிடுகிறார். ஒருவர் காதுக்கு அமைத்த முழுமை மற்றவர் காதில் கோணலாகிறது. இப்படி ஒலியைத் தாமதித்துச் சீராக்கும் டிஎஸ்பி கருவிகள் பலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட ப்ரீசெட் வைக்க இடமுண்டு: ஒன்றை ஓட்டுநருக்கும் ஒன்றை எல்லோருக்கும் பொதுவாகவும் அமைக்கலாம். காரை ஸ்டார்ட் செய்ததும் எது வர வேண்டும் என்பதை ட்யூனிங் செய்பவர் தாமாக முடிவு செய்ய முடியாது. வண்டியின் சொந்தக்காரர்தான் சொல்ல வேண்டும்.