ஈறு சொல்லாத சேதி



சென்ற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து வாசலில் நின்றபோது, கல்லூரியில் வாசிக்கும் வாலிபன் ஒருவன் என்னிடம் வந்தான். தாய் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள் என்பதே சரி. அவன் பையில் பேனாவைப் போன்ற ஒரு கருவி அகப்பட்டதாம். வேப் என்கிறார்கள், ஊதினால் மாம்பழ வாசனை. "சுவாமி, இதில் புகையிலை இல்லை. இழுக்கிறவனுக்குச் சட்டத்தில் தண்டனையும் இல்லை. கெட்டால் என் பல்தானே? பிறருக்கு என்ன நஷ்டம்?" என்றான். அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். கேள்வியில் துடுக்கு இருந்தாலும் நேர்மையும் இருந்தது.

சட்டத்தைப் பற்றி அவன் சொன்னது பாதி மெய். நமது மாநிலத்தில் 2018-லும், நாடு முழுவதும் 2019-லும் மின் சிகரெட் தடைசெய்யப்பட்டது. செய்வதும் விற்பதும் விளம்பரப்படுத்துவதும் குற்றம். முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். இழுப்பவனுக்கென்று தண்டனை எழுதவில்லை. அவன் செய்வது நல்லதென்பதால் அல்ல. ஏமாந்தவனையும் சேர்த்துச் சிறையில் போடுவானேன் என்பதாலேயே என்று நான் எண்ணுகிறேன்.

பல்லின் சங்கதிக்கு வருவோம். கருவிக்குள் இருக்கும் திரவத்தில் கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால், வாசனைச் சரக்கு, அநேகமாக நிகோட்டின் ஆகியவை உண்டு. புரோப்பிலீன் கிளைக்கால் ஈரத்தை உறிஞ்சும், வாய் உலரும். உமிழ்நீரை நாம் அற்பமாய் எண்ணுகிறோம். உண்டபின் கிருமிகள் உண்டாக்கும் புளிப்பைத் தணிப்பதும், பல்லிலிருந்து கரைந்த சுண்ணச் சத்தை மறுபடி சேர்ப்பதும் அதுவே. அது வற்றினால் சொத்தை எளிதில் விழும்.

என்னை அதிகம் கலங்கச் செய்தது வேறு. ஈறு நோய்ப்பட்டால் பல் துலக்கும்போது இரத்தம் கசியும். நிகோட்டினோ இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. ஆகையால் உள்ளே நோய் வளர்ந்தாலும் கசிவு குறைந்துபோகும்; கண்ணாடியில் ஈறு குற்றமற்றதுபோல் தோன்றும். பல் ஆடும்போதுதான் விஷயம் தெரியும். அதற்குள் அதைத் தாங்கும் எலும்பு கரைந்திருக்கும். கரைந்த எலும்பு தானாக வளர்வதில்லை.

தீமையை அறிந்து தேர்ந்துகொள்வது ஒன்று. அறிவிக்கும் வாயை அடைத்துவிட்டு "எனக்கு ஒன்றும் இல்லையே" என்பது வேறு. காவற்காரனுக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டு, திருடன் வரவே இல்லை என்று எவராவது சாதிப்பார்களா? "என் இஷ்டம்" என்கிறவனுக்கு, நிகோட்டின் பிடித்தபின் அந்த இஷ்டத்தில் எவ்வளவு மிச்சம்? தேகம் நமக்கு ஒப்படைக்கப்பட்டது என்று ஐந்தாம் கற்பனையை விளக்கும்போது படிக்கிறோம். அதை விட்டுத் தள்ளினாலும் இந்தக் கேள்வி நிற்கும். பிறருக்கு நஷ்டமில்லை என்றானே, அப்போது பக்கத்தில் நின்ற தாயின் முகத்தை அவன் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். வேர்ச் சிகிச்சைக்குப் பணம் கட்டப்போவதும் அவன் அல்ல.

நல்ல காற்றை நாடி நோயாளிகள் தேடிவந்த ஊர் நமது தாம்பரம். டாக்டர் சௌரி முத்து 1928-ல் சானடோரியம் அமைத்தது அதற்காகவே. கடை நடத்தும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை: 2018 முதல் வத்திக்கானில் சிகரெட் விற்பனை இல்லை. வந்துகொண்டிருந்த வருமானத்தைப் பாப்பரசர் பிரான்சிஸ் வேண்டாமென்று விட்டார். பெரியவர்களே, வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொண்டு பிள்ளையைக் கண்டிக்க வேண்டாம். அவன் உங்கள் வாயைத்தான் பார்ப்பான்.

போகும்போது அந்த வாலிபன், "விட்டுவிட்டால் சரியாகுமா?" என்று மெதுவாகக் கேட்டான். ஈறு வீக்கம் ஆரம்பத்தில் இருந்தால் ஆறிவிடும் என்றேன். விட்ட சில நாளில் ஈற்றில் இரத்தம் முன்னிலும் அதிகம் கசியலாம். இரத்த ஓட்டம் திரும்புகிறது என்று கொள்ளவேண்டும், பயந்து மறுபடி கருவியை எடுக்கக்கூடாது. தாம்பரத்தில் மின்சார ரயிலேறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால் அரசு பல் மருத்துவக் கல்லூரி அருகிலேயே இருக்கிறது. திங்கட்கிழமை தாயும் மகனும் போவதாகச் சொன்னார்கள்.