சகோதரியும் பயனாளியும்

2020 ஆகஸ்டில், துணை அதிபர் வேட்பாளராகப் பேசிய கமலா ஹாரிஸ் தன் உரையில் ‘சித்தி’ என்றொரு வார்த்தையைச் சொன்னார். நம்ம ஆட்கள் அதைக் கொண்டாடித் தீர்த்தார்கள். ஆனால் தன் குடும்பம் யார் யார் என்று அவர் அடுக்கிக்கொண்டு போன அதே இடத்தில் இன்னொரு பெயரும் வந்தது: ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தபோது அவர் சேர்ந்த சொராரிட்டி அது. ரத்த சம்பந்தமே இல்லாத ஒரு கல்லூரிச் சங்கத்தை ஒருவர் சித்திகளின் வரிசையில் கொண்டுபோய் உட்கார வைக்கிறார் என்றால், அது என்ன மாதிரியான உறவு? எனக்கு அந்த உரையில் மிச்சமிருந்த கேள்வி அதுதான்.

லத்தீனில் ‘சொரோர்’ என்றால் சகோதரி. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கல்லூரிகளுக்குள் பெண்கள் ஒன்றிரண்டு பேராக நுழைந்தபோது, ஆண்களின் சங்கங்களில் அவர்களுக்கு இடமில்லை. தங்களுக்கென்று சங்கம் கட்டிக்கொண்டார்கள். 1870இல் இண்டியானாவில் தொடங்கிய காப்பா ஆல்ஃபா தீட்டா அப்படி வந்த முதல்களில் ஒன்று. கிரேக்க எழுத்துகளில் பெயர், சேர்ந்து வாழ ஒரு வீடு, புதிதாக வருகிறவளுக்கு ஓர் அக்கா, வெளியே சொல்லக் கூடாத சடங்குகள். கூடவே சமூக சேவை. பெரும்பாலான சொராரிட்டிகளுக்குத் தேசிய அளவில் ஒரு நற்பணி உண்டு. டெல்டா டெல்டா டெல்டா, மெம்ஃபிஸில் உள்ள செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனைக்குப் பணம் திரட்டுகிறது. பல கிளைகளில் உறுப்பினர் இத்தனை மணி நேரம் சேவை செய்தாக வேண்டும் என்று கணக்கும் உண்டு.

இதைக் கேட்டதும் நமக்கு வருகிற முதல் கிண்டல் தெரிந்ததுதான். மணிக்கணக்கு பார்த்துச் செய்வது சேவையா? ஒரே நிற டீ-ஷர்ட் போட்டு போட்டோ எடுத்துக்கொள்வது சேவையா? நானும் என்.எஸ்.எஸ்.இல் இருந்தவள். 1969இல், காந்தி நூற்றாண்டில் தொடங்கிய அந்தத் திட்டத்திலும் கணக்கு உண்டு: 2 வருடத்துக்கு 240 மணி நேரம், ஒரு 7 நாள் முகாம், கடைசியில் சான்றிதழ். சான்றிதழுக்காகத்தான் பாதிப் பேர் வந்தோம். அதனால் நாங்கள் நட்ட மரம் வளராமல் போகுமா? தடுப்பூசி போட வந்தவளின் உள்நோக்கம் குழந்தையின் கையில் ஏறுவதில்லை. உள்நோக்கத்தின் தூய்மை பற்றிய விவாதம் எப்போதுமே செய்கிறவரைப் பற்றியது. பெறுகிறவர் அதில் எங்கேயும் இல்லை. அதனால்தான் அந்த விவாதம் எனக்கு அலுப்பாக இருக்கிறது.

என்னைத் தொந்தரவு செய்வது வேறொன்று.

2013 செப்டம்பரில் அலபாமா பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையான ‘தி கிரிம்சன் வைட்’ ஒரு செய்தி வெளியிட்டது. அங்கே பாரம்பரியமாக வெள்ளையர் மட்டுமே இருந்த சொராரிட்டிகளில் சேர ஒரு கறுப்பின மாணவி விண்ணப்பித்திருந்தாள். மதிப்பெண், பின்னணி எதிலும் குறையில்லை. எங்குமே எடுக்கவில்லை. கிளைகளில் இருந்த சில மாணவிகளுக்கு அவளைச் சேர்க்க விருப்பம் இருந்தும், பழைய உறுப்பினர்கள் தடுத்தார்கள் என்று அந்த மாணவிகளே பெயர் சொல்லிப் பேசினார்கள். நாடே பேசியது, மாணவர்கள் ஊர்வலம் போனார்கள், நிர்வாகம் தலையிட்டது, அந்த மாதமே சில சொராரிட்டிகளில் கறுப்பின மாணவிகள் சேர்ந்தார்கள். அதே பல்கலைக்கழகத்தின் வாசலில் 1963 ஜூன் 11 அன்று, இரண்டு கறுப்பின மாணவர்கள் நுழைவதைத் தடுக்க ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வந்து நின்றார். அதற்கு 50 வருடம் கழித்து இது.

கவனியுங்கள். இந்த 50 வருடமும் அந்தச் சங்கங்கள் சேவை செய்யாமல் இல்லை. நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் நிதி திரட்டின. திரட்டிய பணத்துக்கு நிறம் பார்த்திருக்க மாட்டார்கள். கொடுப்பதில் யாருக்கும் சிக்கல் இல்லை. கூட உட்கார வைப்பதில்தான் சிக்கல்.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு அலபாமா தேவையில்லை. தலைமுறை தலைமுறையாக அன்னதானம் போட்ட ஊர்களில்தான் சமபந்தி போஜனத்துக்குத் தனியாக இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. சோறு போடுவது புண்ணியம், பக்கத்தில் இலை போடுவது கலகம். எங்கள் என்.எஸ்.எஸ். முகாமில், ஊருக்கு வெளியே இருந்த காலனியில், பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி எங்களோடு கூடவே முள்வெட்டினாள், மண் அள்ளினாள். ஆறாம் நாள் கேட்டாள்: “அக்கா, உங்க காலேஜ்ல சேரணும்னா என்ன செய்யணும்க்கா? ஹாஸ்டலுக்கு எவ்ளோ ஆகும்?” எங்கள் ஏழு நாள் நிகழ்ச்சி நிரலில் தூய்மைப் பணி இருந்தது, விழிப்புணர்வுப் பேரணி இருந்தது, கண் பரிசோதனை இருந்தது. அந்தக் கேள்விக்கான நேரம் எதிலும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. அவளை நிரல் எழுதியவர்கள் பயனாளியாக நினைத்திருந்தார்கள். அவளோ தங்கச்சியாகப் பேசினாள்.

சேவைக்கு நான் வைக்கிற சோதனை இதுதான். நாம் உதவுகிற ஆள் நாளை நமக்குச் சமமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், அந்த உதவிக்கு என்ன ஆகும்? அது ஜெயித்ததாக ஆகுமா, சங்கடமாக ஆகுமா?

ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவின் கதைக்கு இங்கேதான் திரும்ப வேண்டியிருக்கிறது. கறுப்பினக் கல்லூரிப் பெண்களின் முதல் சொராரிட்டி அது, 1908இல் தொடங்கியது. 1930களில் அதன் தலைவி ஐடா லூயிஸ் ஜாக்சன், மிசிசிப்பியில் பிறந்து கலிஃபோர்னியாவில் ஆசிரியையானவர். அவர் மிசிசிப்பிக்குக் கொண்டுபோன முதல் திட்டம், 1934இல், கிராமப்புற ஆசிரியர்களுக்கான கோடைப் பள்ளி. அங்கே போனபிறகுதான், நோயோடு இருப்பவர்களுக்குப் பாடம் ஏறாது என்று தெரிந்தது. அடுத்த வருடம் டாக்டர் டோரதி ஃபெரபீ தலைமையில் மருத்துவக் குழு போனது. பருத்தித் தோட்ட முதலாளிகள் வாரத்துக்கு உழுகிறவர்களை முகாமுக்கு விடவில்லை. சரி என்று இவர்கள் கார்களையே மருத்துவமனையாக்கித் தோட்டத்துக்குள் போனார்கள். பெரியம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசி போட்டார்கள். பல கோடைகள் தொடர்ந்தது இது.

இதை மட்டும் வைத்து ஒரு தரப்பை நல்லவர்களாக்கி முடித்துவிடலாம். அது நியாயமில்லை. அந்தச் சங்கத்துக்கும் கதவு இருந்தது. கல்லூரிக்குப் போனவள்தான் உள்ளே வரலாம். ஹோவர்டிலேயே பேராசிரியராக இருந்த சமூகவியலாளர் ஈ. ஃபிராங்க்ளின் ஃபிரேசியர், ‘பிளாக் பூர்ஷ்வா’ நூலில் கறுப்பின நடுத்தர வர்க்கத்தின் அந்தஸ்து மோகத்தைக் கடுமையாகத் தாக்கினார். இந்தக் கிரேக்க எழுத்துச் சங்கங்களும் அதில் தப்பவில்லை. ஊசி போட்டுக்கொண்ட பருத்திக்காட்டுப் பெண் அன்று மாலை யாருக்கும் ‘சகோதரி’ ஆகிவிடவில்லை.

உண்மைதான். எல்லாக் கதவும் எல்லாருக்கும் திறந்திருக்க முடியாது என்பதும் உண்மைதான். பத்துப் பேரை அக்கா தங்கச்சி என்று நெருக்கமாகப் பிடித்துக்கொள்ளும்போதே பதினொன்றாவது ஆள் வெளியே நிற்கிறார். நட்பின் இயல்பு அது. ஆனால் நிறத்தாலோ பிறப்பாலோ பூட்டிய கதவுக்குப் பாதை போட முடியாது. படிப்பால் பூட்டிய கதவுக்குப் போடலாம். ஜாக்சன் முதலில் பள்ளிக்கூடத்தை நினைத்தது எனக்கு அதனால்தான் முக்கியமாகப் படுகிறது. அந்தப் பெண் உள்ளே வரவில்லை. அவள் மகள் வருவதற்கான வேலையை அவர்கள் தொடங்கியிருந்தார்கள்.

கல்லூரியில் ஏதாவது ஒரு சேவைக் குழுவில் இருப்பவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். நாலைந்து வருடமாக நீங்கள் போய்வரும் ஊர் அல்லது தெரு எது என்று எழுதுங்கள். பக்கத்தில் உங்கள் குழுவின் இன்றைய உறுப்பினர் பட்டியலை வையுங்கள். அந்தத் தெருவிலிருந்து ஒரு பெயராவது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேவையை நிறுத்த வேண்டாம். அடுத்த முறை போகும்போது கல்லூரி விண்ணப்பப் படிவத்தையும், ஹாஸ்டல் கட்டண விவரத்தையும், கிடைக்கக்கூடிய உதவித்தொகைகளின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.