அடிபட்ட பிள்ளைக்கு ஐம்பது வயதானால்

சில மாதங்களுக்கு முன் கிள்ளானில் ஒரு பெரியவர் மவுத்தானார். ஜனாஸாவில் நாமும் கலந்து கொண்டோம். கபுறில் மண் தள்ளும்வரை உடனிருந்த மூத்த மகனின் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. "கல் நெஞ்சன்" என்று வந்தவர்கள் காதோடு காதாகப் பேசிக்கொண்டனர். உண்மையைச் சொல்லப்போனால் நாமும் அப்படித்தான் எண்ணினோம்.

மூன்றாம் நாள் பாத்திஹா முடிந்தபின் அவரே நம்மிடம் மனம் திறந்தார். பத்து வயதில் கடைக்கணக்கில் ஐந்து காசு குறைந்ததற்காக வாப்பா ரோத்தானால் விளாசியது, சோறில்லாமல் இரவெல்லாம் பின்கட்டில் பூட்டி வைத்தது, இவை ஒரு நாள் இரு நாளல்ல, ஐந்தாறு ஆண்டுகள். இப்பொழுது அவருக்கு வயது 58. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, ஒரு முறை மாரடைப்பும் வந்து போயிற்று. "யாராவது கையைச் சற்று வேகமாகத் தூக்கினால் இன்றும் உடம்பு நடுங்குகிறது, காக்கா" என்றார்.

அடித்து வளர்த்ததால்தான் ஆளானோம் என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. "அடியாத மாடு படியாது" என்ற பழமொழியும் துணைக்கு வரும். மாட்டுக்குச் சொன்னதை மக்களுக்குப் பொருத்தியது யாரோ! ஆளானவர்கள்தாம் வாய் திறந்து பேசுகிறார்கள். ஆகாமற்போனவர்கள் அந்தத் தேநீர்க்கடை மேசைக்கு வருவதில்லை.

அமெரிக்காவில் சான் டியாகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்னும் மருத்துவர் 1980-களில் உடற்பருமன் குறைக்கும் சிகிச்சை நடத்தி வந்தார். நன்றாக எடை குறைந்து வந்தவர்களே பாதியில் நின்றுவிடுவதைக் கண்டு வியந்து விசாரித்தார். அவர்களிற் பலர் சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்கள் என்பது தெரிய வந்தது. பின்பு ராபர்ட் ஆண்டா முதலியவர்களுடன் சேர்ந்து ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டோரை விசாரித்து 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அடி, வசை, தாய் அடிபடுவதைக் காணுதல், வீட்டில் குடிகாரர் இருத்தல் முதலிய துன்பங்களில் நான்கு வகையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, ஒன்றையும் அறியாதவர்களைவிட, குடிக்கு அடிமையாதல், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகிய அபாயங்கள் 4 முதல் 12 மடங்கு வரை கூடியிருந்தன. இருதய நோயின் அபாயம் சுமார் இரு மடங்கு. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 73-இல் பிறந்த ஏறத்தாழ ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். சிறுவயதில் கொடுமைப்பட்டவர்களின் இரத்தத்தில் 32 வயதிலும் அழற்சியின் அடையாளங்கள் கூடுதலாகத் தென்பட்டன. அஞ்சிய பிள்ளையின் உடல் ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாகிறது. நாள்தோறும் அவ்வாறு ஆயத்தமாகிய உடல் பிற்காலத்தில் அமைதியடைய மறந்துபோகிறது போலும்.

ஆனால் இது தலைவிதியன்று. ஹவாய்த் தீவுகளில் காவாய் என்னுமிடத்தில் 1955-இல் பிறந்த பிள்ளைகளை எம்மி வெர்னர் என்னும் அம்மையார் பல்லாண்டுகள் கவனித்தார். மிகக் கடினமான சூழலில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலையில் வளர்ந்தனர். அவர்களுக்குப் பாட்டியோ, ஆசிரியரோ, அயலாரோ, அன்பு காட்ட ஒருவராவது இருந்தார்.

கிள்ளான் அன்பருக்கு அப்படி ஒருவரும் இருக்கவில்லை. அந்தக் கடை வரிசையில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். "பெற்றவன் அடிக்கிறான், நாமென்ன சொல்ல?" என்று இருந்துவிட்டார்கள். அவர்களில் நம் உறவினர் ஒருவரும் உண்டு.

1990-இல் கோலாலம்பூரில் இரண்டு வயது கடந்த ஒரு குழந்தை கொடுமையால் மாண்டபின்தான் நாடு விழித்தது. 1991-இல் சிறுவர் பாதுகாப்புச் சட்டமும், 2001-இல் சிறுவர் சட்டமும் வந்தன. 2016-இன் திருத்தப்படி பிள்ளையைக் கொடுமை செய்தவருக்கு 50,000 வெள்ளி வரை அபராதமோ 20 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் அடுத்த வீட்டுப் பிள்ளையின் அலறல் சுவரைக் கடந்து வருகிறது. 15999 என்னும் எண்ணை அழைக்க எத்தனை பேருடைய கை துணிகிறது?

இனி, வாப்பாவை மன்னிக்கச் சொல்லி நாம் வற்புறுத்தலாமா? அந்தப் பெரியவரும் பத்து வயதில் ரஜுலா கப்பலில் வந்து, முதலாளியின் உதையில் வளர்ந்தவர்தாம். அதை அறிந்தால் கோபம் சற்றுத் தணியும். ஆயினும் அடி அடிதான். பெற்றோரைப் பேணுவது கடமை. அந்தக் கடமையை மகன் குறைவின்றிச் செய்திருக்கிறார். படுக்கையில் கிடந்த வாப்பாவை மூன்று ஆண்டுகள் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டவர் அவரே. அதற்கு மேல் கண்ணீரும் வேண்டுமென்று கேட்க நமக்கென்ன உரிமை? மன்னிப்பு அவருடைய உடைமை. கொடுப்பதும் வைத்துக்கொள்வதும் அவர் பாடு.

அன்று அவர் ஒரு கேள்வி கேட்டார். இருபது ஆண்டுகளாகச் சர்க்கரைக்கும் இருதயத்துக்கும் மருந்து தரும் மருத்துவர்களில் ஒருவராவது தம்முடைய பிள்ளைப் பருவத்தைப் பற்றி விசாரித்ததில்லையாம். தாமாகச் சொன்னால் சிரிப்பார்களோ என்றார். சொல்லுங்கள் என்றோம். அடுத்த சோதனைக்குப் போகும்பொழுது சொல்வதாகக் கூறியிருக்கிறார். துணைக்கு நம்மையும் வரச் சொல்லியிருக்கிறார்.